பெட்டியைத் திறந்ததும் எழுதிய பேனா

ரயிலே ஓடாத தீவில் ஓய்வு பெற்ற ரயில்வேக்காரனுக்கு என்ன வேலை என்று நண்பர்கள் என்னைக் கேலி செய்வதுண்டு. வேலை இல்லாமல் இல்லை. இந்த ஊருக்கு வந்து மகள் வீட்டில் தங்கிய நாளிலிருந்து மின்விசிறி, மிக்சி, சைக்கிள், சுவர்க் கடிகாரம் என்று ஏதாவது ஒன்று என் மேசையில் பிரிந்து கிடக்கும். எல்லாவற்றையும்விட அதிகம் வருவது பேனா. மை ஊற்றி எழுதும் பேனாவைச் சரிசெய்யத் தெரிந்தவர் அபூர்வமாகிவிட்டார். எனக்கோ பள்ளி நாளிலிருந்து அது ஒரு பைத்தியம்.

என் வயதுக்காரர்களுக்கு நான் சொல்லாமலே தெரியும். புதுப் பேனா வாங்கினால் அது உடனே எழுதும் என்று யாரும் எதிர்பார்த்ததில்லை. வெந்நீரில் கழுவுவோம். நிப்பின் நடுக் கீறலில் பாதி பிளேடைச் செருகி இழுப்போம். சிமெண்டுத் தரையில் தேய்ப்போம். அதற்கும் மசியாவிட்டால் உதறுவோம். முன் பெஞ்சுக்காரன் சட்டை முதுகில் நீலப்புள்ளி கோலமிடும். பேனாவைப் பழக்குவது மாட்டை வண்டிக்குப் பழக்குவது போல ஒரு கடமை என்றே நினைத்து வளர்ந்தோம்.

அப்படிப்பட்ட எனக்குச் சில மாதங்களுக்கு முன் ஓர் ஏமாற்றம் நேர்ந்தது. இனிமையான ஏமாற்றம்தான்.

பேத்தியின் பிறந்தநாளுக்கு என் மகள் ஒரு ஜப்பானியப் பேனா வரவழைத்தாள். பைலட் நிறுவனத்தின் ககுனோ என்ற பேனா. குழந்தைகளையும் புதிதாக எழுதுபவர்களையும் மனத்தில் வைத்து 2013-இல் அவர்கள் வெளியிட்டது. நிப்பின் மேல் ஒரு சின்ன சிரித்த முகம் பொறித்திருக்கும். எழுதும்போது அந்த முகம் உங்களைப் பார்த்துச் சிரித்தால் பேனாவைச் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள் என்று பொருள். வாத்தியார் பிரம்பால் சொல்லிக் கொடுத்ததை இவர்கள் சிரிப்பால் சொல்லிக் கொடுக்கிறார்கள்!

பார்சல் வந்ததும் என் வழக்கப்படி ஆயத்தமானேன். கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர், பூதக்கண்ணாடி, மெல்லிய பித்தளைத் தகடு, பழைய துணி எல்லாம் மேசைக்கு வந்தன. பேத்தி காத்திருக்கவில்லை. பெட்டியைத் திறந்தாள், மைக்குழாயைச் செருகினாள், பேனாவைத் தலைகீழாகச் சிறிது நேரம் பிடித்தாள், தன் பெயரை எழுதினாள். முதல் எழுத்தின் முதல் கோடே விழுந்தது. திக்கவில்லை, கீறவில்லை, கொட்டவில்லை. "தாத்தா, தண்ணி எதுக்கு?" என்று கேட்டாள். கல்யாண வீட்டுக்கு உதவி செய்யப் போனவனிடம் எல்லா வேலையும் முடிந்துவிட்டது என்று சொன்னது போல நின்றேன்.

பூதக்கண்ணாடியில் தெரிந்தது

அவள் பள்ளிக்குப் போன பிறகு அந்த நிப்பைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். டிப்ளமா படித்தவன் புத்தி, காரணம் தெரியாமல் தூங்காது.

மை இறங்குவதற்கு எந்த இயந்திரமும் இல்லை. இடுக்கு எவ்வளவு குறுகலோ அவ்வளவு வலுவாகத் திரவத்தை இழுக்கும். விளக்குத்திரியில் எண்ணெய் ஏறும் அதே விதிதான். நிப்பின் துளையிலிருந்து நுனி வரை ஓடும் கீறல், நுனியை நெருங்க நெருங்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுக வேண்டும். அப்போதுதான் மை தானாக நுனிக்கு வந்து காத்திருக்கும். கீறல் மிகவும் நெருங்கியிருந்தால் பேனா வறண்டு போகும். அகன்றிருந்தால் கொட்டும். இரு கால்களில் ஒன்று முடியளவு ஏறியிருந்தாலும் காகிதத்தைக் கீறும். நுனியில் ஒட்டியிருக்கும் கடின உலோக மணியை அளவுக்கு மீறி உருட்டி மெருகேற்றிவிட்டால் உள்விளிம்பு காகிதத்தைத் தொடாது. அந்தப் பேனா வழவழப்பாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு சொல்லின் முதல் கோடும் விழாது.

நிப்புக்கு அடியில் இருக்கும் கட்டையை நாக்கு என்போம். அதன் வேலை இன்னும் நுட்பமானது. மை ஒரு வழியில் இறங்க, இறங்கிய அளவுக்குக் காற்று இன்னொரு வழியில் ஏற வேண்டும். காற்று ஏறாவிட்டால் மை நின்றுவிடும். அளவுக்கு மிஞ்சி ஏறினால் சொட்டும். நாக்கில் சீப்புப் பற்கள் போலத் தெரிகிறதே, அது அழகுக்கு இல்லை. கூடுதலாக இறங்கும் மையைத் தாங்கி வைக்கும் தொட்டி அது.

இவ்வளவும் ஒன்றுக்கொன்று பொருந்தினால்தான் ஒரு பேனா எழுதும். பேத்தியின் பேனாவில் எல்லாம் பொருந்தியிருந்தன. நுனிகள் இரண்டும் ஒரே மட்டத்தில், கீறல் கணக்காகக் குறுகி, நாக்கு நடுப்புள்ளி பிசகாமல் அமர்ந்திருந்தன. தங்கமல்ல, வெறும் எஃகு நிப்புதான்.

கடல் கொடுத்த பெயர்கள்

ஜப்பானில் பேனாவுக்குப் பேர்பெற்ற நிறுவனங்கள் மூன்று. அவற்றில் இரண்டின் பெயர் நம்மைப் போன்ற துறைமுகவாசிகளுக்கு நெருக்கமானது. செய்லர் என்றால் மாலுமி. போர்க்கப்பல் துறைமுகமான குரே நகரில் 1911-இல் சகாதா கியூகோரோ என்பவர் தொடங்கியது. பிரிட்டனிலிருந்து திரும்பிய நண்பர் கொண்டுவந்த பேனாவைப் பார்த்து, இதை நாமே செய்வோம் என்று இறங்கினாராம். பைலட் என்பது இங்கே விமானியைக் குறிப்பதல்ல. கப்பலைத் துறைமுகத்துக்குள் வழிநடத்தி வரும் மாலுமியைக் குறிப்பது. 1918-இல் அதைத் தொடங்கிய நமிகி ரியோசுகே, கப்பல் பொறியியல் படித்து வணிகக் கப்பல் பள்ளியில் பாடம் நடத்தியவர். வரைபடம் போடும் கோட்டுப் பேனாவில் மை உறைந்து தொல்லை கொடுத்ததால் அதைத் திருத்தப் போய், கடைசியில் பேனாத் தொழிலுக்கே வந்துவிட்டார். வரைபட வகுப்பில் கோட்டுப் பேனாவால் தாளைப் பாழாக்கி ஆசிரியரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட என்னைப் போன்றவர்களுக்கு அவர் உறவினர் மாதிரி.

மூன்றாவது பிளாட்டினம், 1919-இல் பிறந்தது. அவர்களுடைய 3776 என்ற பேனாவுக்குப் பெயர், ஃபூஜி மலையின் உயரம் 3,776 மீட்டர் என்பதால் வந்தது. அதன் மூடிக்குள் வில்லோடு ஓர் உள்மூடி இருக்கிறது. மூடி வைத்தால் இரண்டு ஆண்டு ஆனாலும் மை காயாது என்கிறது நிறுவனம். பெட்டியைத் திறந்ததும் எழுதுவது ஒரு சிறப்பு என்றால், மறந்து வைத்த பேனாவை எடுத்ததும் எழுதுவது அதைவிடப் பெரிய சிறப்பு.

ஜப்பானிய நிப்பு மேல்நாட்டு நிப்பைவிட ஒரு பங்கு மெல்லியது. அவர்கள் எழுத்தில் சிலவற்றுக்கு இருபதுக்கு மேல் கோடுகள் உண்டு. தடித்த நிப்பால் எழுதினால் எழுத்து மைப்பொட்டாகிவிடும். நம் தமிழுக்கும் அது நன்றாகப் பொருந்துகிறது. ணை, ஞூ, ஜ போன்ற எழுத்துகளின் சுழிகள் அடைபடுவதில்லை. தவிர, ஆண்டில் பாதிக்கு மேல் மழை ஈரத்தில் ஊறும் நம் ஊர் நோட்டுப் புத்தகத்தில் மை பரவும். மெல்லிய கோடு என்றால் பரவினாலும் படிக்க முடியும்.

தீவுக்காரனுக்குப் பெட்டியே கடை

இதையெல்லாம் மாலை நடையில் ஒரு பெரியவரிடம் அளந்துகொண்டிருந்தேன். ஹாடோ பக்கம் இருப்பவர். வயது எண்பத்தாறு. அரசு அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். நம் ஊர் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டாலும் அவர் வாயில் இன்னும் போர்ட் பிளேர்தான். பேனாவை நீட்டினேன். அவர் கை நீளவில்லை.

"ஜப்பான்காரன் சாமானா? வேணாம் சார்" என்றார்.

எனக்கு உறைத்தது. 1942 மார்ச் 23-இல் ஜப்பானியப் படை இந்தத் தீவில் இறங்கியது. 1945 அக்டோபர் வரை அவர்கள் ஆட்சி. இன்று விமானம் இறங்கும் லம்பா லைன் பகுதியில் அவர்கள் ஓடுதளம் போட்டபோது, உள்ளூர்க்காரர்களை அடித்து வேலை வாங்கினார்கள். 1944 ஜனவரியில் மருத்துவரும் கவிஞருமான திவான் சிங் சித்திரவதையால் சிறையிலேயே மாண்டார். அதே மாதம் 30-ஆம் தேதி ஹம்ஃப்ரேகஞ்சில் 44 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அங்கே நினைவுச் சின்னம் இருக்கிறது. பெரியவரின் தந்தை ராமநாதபுரம் சீமையிலிருந்து போருக்கு முன்பே பிழைக்க வந்தவர். ஓடுதள வேலைக்கு இழுத்துச் செல்லப்பட்டவர்களில் அவரும் ஒருவர். உயிரோடு திரும்பினார், முதுகு மட்டும் கடைசிவரை நிமிரவில்லையாம்.

நான் மன்னிப்புக் கேட்டுப் பேனாவைச் சட்டைப்பையில் வைத்தேன். அவரே பேச்சைத் தொடர்ந்தார். "ஏன் சார், நம்ம ஊர்ல செஞ்ச பேனா எழுதாதா? எங்கிட்ட ஒரு மெட்ராஸ் பேனா இருக்கு. 1968-ல ஒரு கல்யாணத்துக்குக் கப்பல்ல போனப்ப பாரிமுனையில வாங்கினது. கடைக்காரர் மை ஊத்தி, என்னை உக்கார வெச்சு, எழுதச் சொல்லி, ரெண்டு தடவை நிப்பைத் திருத்தித்தான் கையில குடுத்தார். முப்பது வருஷம் ஆபீஸ் ஃபைல் அத்தனையும் அதுலதான்."

அவர் சொன்னதில் ஒரு முக்கியமான விஷயம் ஒளிந்திருந்தது. நம் ஊர்ப் பேனாத் தொழிலில் கடைசி வேலை, தொழிற்சாலையில் நடக்கவில்லை. கடை மேசையில் நடந்தது. பாரிமுனையில் ஜெம் அண்ட் கோ போன்ற கடைகளில் பேனா வாங்குவது என்றால் வாங்குபவரின் கைக்கேற்ப நிப்பைத் திருத்தித் தருவதும் சேர்த்துத்தான். கடைசல் இயந்திரத்தில் கையால் கடைந்த பேனா. கையால் பொருத்திய நாக்கு. ஒன்றைப் போல் ஒன்று இருக்காது. ஆகவே ஒருவர் உட்கார்ந்து பார்த்தே ஆக வேண்டும். நம் கைத்திறனில் குறைவில்லை. ராஜமுந்திரியில் ரத்தினம் செய்த பேனாவில் எழுதிப் பார்த்துக் காந்தியடிகள் 1935-இல் பாராட்டுக் கடிதமே எழுதினார். திருவள்ளூரில் ரங்கா பேனாக்காரர்கள் இன்றும் எபோனைட் கட்டையைக் கையால் கடைந்து உலகெங்கும் அனுப்புகிறார்கள். ஆனால் அவர்களிடமே ஜெர்மன் நிப்பு பொருத்தி வாங்குகிறவர்கள் உண்டு. பார்சலில் வாங்குகிறவருக்குக் கடை மேசை கிடையாதே!

நம்மைப் போன்ற தீவுவாசிகளுக்கு இது நன்றாகப் புரியும். சென்னையிலிருந்து கப்பல் வந்து சேர ஏறக்குறைய மூன்று நாள் ஆகும். எழுதாத பேனாவைத் திருப்பி அனுப்பும் செலவுக்கு இன்னொரு பேனா வாங்கிவிடலாம். தீவுக்காரனுக்குப் பெட்டியே கடை. பெட்டிக்குள் யார் கடைசியாகப் பார்த்து அனுப்பினாரோ அவர்தான் கடைக்காரர்.

பார்த்து அனுப்புகிறவர்

இங்கே என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பணிமனையில் பயணிகள் பெட்டிகளைப் பழுது பார்த்து வெளியே அனுப்பும் பிரிவில் இருந்தேன். மேல் படுக்கையைத் தாங்கும் சங்கிலிக் கொக்கியைப் பெட்டிக்கு நாலு இடத்தில் இழுத்துப் பார்த்துவிட்டு, மற்றவையும் சரியாகத்தான் இருக்கும் என்று கையெழுத்துப் போடுவேன். ஒரு நாள் கடிதம் வந்தது. நான் கையெழுத்திட்ட பெட்டியில் நள்ளிரவில் படுக்கை இறங்கிக் கீழே உறங்கிய ஓர் அம்மாளின் தோள் எலும்பு முறிந்துவிட்டது. விசாரணையில் எச்சரிக்கையோடு விட்டார்கள். நான் என்னை விடவில்லை. அதன் பிறகு ஓய்வு பெறும் நாள்வரை ஒரு கொக்கியையும் இழுத்துப் பார்க்காமல் கையெழுத்திட்டதில்லை. மெதுவாக வேலை செய்கிறவன் என்று பெயர் வந்தது. வரட்டும் என்று இருந்தேன்.

ஜப்பானியப் பேனாவின் ரகசியமும் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. விலை உயர்ந்த பேனாக்களின் நிப்பைத் தேர்ந்த கைகள் திருத்தி எழுதிப் பார்க்கின்றன. செய்லர் நிறுவனத்தில் நாகஹாரா நோபுயோஷி என்ற நிப்புக் கலைஞர் தம் வாழ்நாளையே இதற்குக் கொடுத்துப் புகழ்பெற்றார். விலை குறைந்தவற்றில் அந்தக் கவனம், அச்சுகளின் துல்லியத்துக்குள் முன்னதாகவே புகுந்துவிடுகிறது. எப்படியானாலும் வாங்குகிறவன் செய்ய வேண்டிய வேலை என்று எதையும் மிச்சம் வைப்பதில்லை. நூற்றில் ஒன்று அங்கும் தவறலாம். தவறுவதை வழக்கமாக்கிக்கொள்ளாததுதான் வித்தியாசம்.

நண்பர்களுக்குப் பயன்படும் சில குறிப்புகள். புதுப் பேனா எந்த நாட்டுடையதானாலும் எழுதத் தயங்கினால், முதலில் ஒரு துளி சோப்புக் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் அலசிப் பிறகு நல்ல தண்ணீரில் கழுவுங்கள். செய்யும்போது ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்குதான் பாதிக் குற்றவாளி. பிளேடு வேண்டாம்; நிப்பின் உள்விளிம்பைக் கெடுத்துவிடும். விமானத்தில் போகும்போது பேனாவை முழுக்க நிரப்பி அல்லது முழுக்கக் காலி செய்து, நிப்பு மேல் நோக்கி இருக்கும்படி வையுங்கள். உயரத்தில் காற்றழுத்தம் குறையும்போது பேனாவுக்குள் இருக்கும் காற்று விரிந்து மையைத் தள்ளும். கையால் செய்த நம்மூர்ப் பேனா வேண்டுமென்றால், சென்னை போகும்போது கடைக்கே போய் உட்கார்ந்து, உங்கள் கையெழுத்தில் நாலு வரி தமிழ் எழுதிப் பார்த்து வாங்குங்கள்.

மெட்ராஸ் பேனா

மறு வாரம் பெரியவர் தம் மெட்ராஸ் பேனாவை ஒரு துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். பல ஆண்டுகளாக எழுதவில்லை, உள்ளே மை கல்லாகியிருந்தது. துணியைப் பிரித்த எனக்குச் சற்று நேரம் பேச்சு வரவில்லை. மூடியின் கிளிப்பில் தேய்ந்த எழுத்துகள்: பைலட்.

ஆம். ஜப்பானிய பைலட் நிறுவனத்தின் கூட்டுறவோடு அந்தக் காலத்தில் மெட்ராஸிலேயே பைலட் பேனாக்கள் தயாராயின. நம்மவர் கைகள் செய்தவை, நாடெங்கும் விற்றவை. கடைக்காரர் மெட்ராஸ் பேனா என்று சொன்னது பொய்யல்ல.

சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பேனா ஓர் இரவு முழுக்க நீரில் ஊறியது. நாக்கைக் கழற்றிப் பழைய பல்துலக்கியால் தேய்த்தேன். கீறலில் பித்தளைத் தகடை ஒருமுறை ஓட்டினேன். மை ஊற்றியதும் எழுதியது, பேத்தியின் பேனாவுக்குச் சளைக்காமல். ஐம்பத்தேழு ஆண்டுக்கு முன் கடை மேசையில் திருத்திய நிப்பு இன்னும் அப்படியே நின்றது.

சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். எண்பத்தாறு வயது மனிதரை ஏமாற்றிப் பேனாவை மட்டும் சரிசெய்து கொடுப்பது, பார்க்காத கொக்கிக்குக் கையெழுத்துப் போடுவது போலத்தான்.

கேட்டுவிட்டு அவர் வெகுநேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் நோட்டை வாங்கி, அந்தப் பேனாவால் தம் தந்தையின் பெயரை முழுமையாக, ஊர்ப் பெயரோடு எழுதினார். மை காயும் வரை ஊதினார்.

"பேனா என்ன செய்யும் சார்? செஞ்சவன் ஒழுங்கா செஞ்சிருக்கான்" என்றார். மூடியைத் திருகிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். "ஆனா ஏர்போர்ட் ரோடு வழியா மட்டும் என்னைக் கூட்டிட்டுப் போகாதீங்க."